மார்கழிப் பனியை நம்பிக் கிளம்பாதீர்கள்

எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் இந்த ஆகஸ்டில் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறாள். கல்லூரி அணியில் 800 மீட்டர் ஓடப் போகிறாள். போன வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, ஸ்வெட்டர் எத்தனை எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டாள். ஸ்வெட்டர் எண்ணிக்கையில் எதுவும் இல்லை. நானும் அப்படி ஒரு கல்லூரி அணிக்கு ஓடப் போனவள்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் என் முதல் குளிர்காலத்தில் நான் எங்கெல்லாம் கோட்டைவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, பனி என்ற சொல்லை நம்பியது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருக்கும் ஈரம். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் முடிந்தது. அங்கே பனி கொட்டுகிற நாளில் மேகம் மூடியிருப்பதால் குளிர் பெரும்பாலும் சற்று மட்டுப்பட்டே இருக்கும். மேகமே இல்லாமல் வெயில் பளீரென்று அடிக்கிற நாள்தான் ஆளைக் கொல்லும். வெயில் என்றால் சூடு என்று இருபது வருடம் பழகிய கண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொல்வதைக் கேட்காதீர்கள்.

அடுத்தது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அணியின் குழுச் செய்தியில் ஒருநாள் இரவு, "நாளைக் காலை 20 டிகிரி, வெளியே ஓட்டம்" என்று வந்தது. 20 டிகிரி என்றால் சென்னையின் ஜனவரி விடியல்தானே என்று மெல்லிய முழுக்கைச் சட்டையோடு இறங்கிவிட்டேன். அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 7. கைபேசியில் செல்சியஸ் வைத்துக்கொண்டாலும் பயிற்சியாளர் வாயில் ஃபாரன்ஹீட்தான் வரும். 32-ஐக் கழித்துப் பாதியாக்கினால் தோராயமாகப் பிடிபட்டுவிடும். வெறும் வெப்பநிலையோடு நிற்காமல், காற்றையும் சேர்த்து உடல் உணரும் குளிர் எவ்வளவு என்று போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். அது மைனஸ் 28 செல்சியஸை எட்டினால் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையத் தொடங்கலாம்.

இனி எல்லாவற்றுக்கும் தலையான தவறு: பருத்தி. அம்மா என்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு அழைத்துப்போய், தடித்த பருத்தி பனியன்களாகப் பார்த்துப் பார்த்து வாங்கினார். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். இங்கே அது வரம். நனைந்த பனியனோடு மின்விசிறியின் கீழே உட்கார்ந்தால் சொர்க்கம். அங்கே அதே ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சித் தள்ளிவிடும். எனவே உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற பொசுபொசுவென்ற செயற்கைத் துணிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வேர்த்துவிடும்.

ஓடி முடித்த பிறகுதான் ஆபத்து அதிகம். அன்று நான் ஓட்டம் முடிந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் ஜாக்கெட்டைக் கழற்றப் பார்த்தால் ஜிப்பின் நுனியை விரல்கள் பிடிக்கவில்லை. பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் மெழுகு பூசியதுபோல் இருந்தது.

காசிமேட்டில் மீன்மேல் வெறுங்கையால் ஐஸ் அள்ளிக் கொட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஐஸ் எனக்கென்ன புதிதா என்ற நினைப்பு இருந்தது. ஆனால் அவர்களுக்குக் கை மட்டும்தான் குளிரில். மற்ற உடம்பு முப்பது டிகிரியில் வேர்த்துக்கொண்டிருக்கிறது, ரத்தம் உடனே திரும்பி ஓடிவரும். அங்கே மொத்த உடம்பும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடல் விரல்களுக்கான ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. சிவப்பதைக் கவனி என்பார்கள். நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது. மரத்துப்போவது, சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ சாம்பலாகவோ தெரிவது, தொட்டால் மெழுகுபோல் இறுகியிருப்பது: இவைதான் அடையாளம். தேய்க்காதீர்கள், ஹீட்டர்மேல் வைக்காதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. ஈரத்தைக் களைந்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து, உடனே அணியின் மருத்துவ உதவியாளரிடம் காட்டுங்கள். நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அந்த விரல் நுனியில் இரண்டு வாரம் உணர்ச்சி சரியாக இல்லை.

ஒரே ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணிப்பதும் இதே ரகம். இறுகினால் ரத்தம் ஓடாது. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போவதை மறந்துவிடுங்கள். என் பின்னல் விறைத்துக் குச்சியாக நின்றதைப் பார்த்து மொத்த அணியும் புகைப்படம் எடுத்தது. மூச்சிரைத்தாலோ நெஞ்சு இறுகினாலோ உடம்பு பழகவில்லை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். வறண்ட குளிர்காற்று சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும், அதற்கு மருந்து இருக்கிறது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். ஓடும்போது விழுவதைவிட, சாப்பாட்டுக்கு நடந்துபோகும்போது விழுவதுதான் அதிகம். தார்ச்சாலை ஈரமாக இருப்பதுபோல் தெரிந்தால் அது கண்ணாடிப் பனிக்கட்டி என்று வைத்துக்கொண்டு, கைகளைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, வாத்துபோலச் சிறு அடி வைத்து நடங்கள். அரைக்கால் சட்டையோடு திரியும் உள்ளூர்த் தோழிகளைப் பார்த்துப் போட்டி போடவேண்டாம். அவர்கள் அந்தக் குளிரிலேயே பிறந்தவர்கள்.

டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். காரணமில்லாமல் அழுகை வந்தால், எழுந்திருக்கவே பிடிக்காவிட்டால், அதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் நிறத் தோலுக்கு அந்தக் குளிர்கால வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. ரத்தப் பரிசோதனையில் அதையும் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். எனக்கு அது தெரியும். அம்மாவுக்குச் சொல்ல மறந்தேன். வழக்கமான நேரத்தில் அழைப்பு வரவில்லை என்று அவர் பக்கத்து வீட்டாரையெல்லாம் கூட்டிவிட்டார்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண், "தேங்காய் எண்ணெய் கொண்டுபோகலாமா அக்கா?" என்றாள். தாராளமாக. உதடும் குதிகாலும் வெடிக்கும், வேண்டும். ஆனால் குறுகிய வாய்ப் புட்டி வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஹீட்டர் ஓடும் அறையிலும் இளகாது. நான் ஒரு மாதம் ஸ்பூனின் காம்பை விட்டுக் குத்திக் குத்தித்தான் எடுத்தேன். வாயகன்ற டப்பாவில் ஊற்றிக்கொள்.