ஆறாவதுக்கு சைனிக்கா, உள்ளூர் பள்ளிக்கூடமா?

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். பையன் அஞ்சாவது போனதுமே கொழுந்தனார் ஆரம்பிச்சுட்டார்: "அண்ணி, இவனுக்குக் கணக்கு நல்லா வருதுங்க, அமராவதிநகர் சைனிக்ல போட்டுடலாம்." பட்டாளத்து ஆபீசர் ஆகறதுக்குப் புள்ளைங்களைத் தயார் பண்ற ஹாஸ்டல் பள்ளிக்கூடமுங்க அது. உடுமலைப் பக்கந்தானே, எனக்கும் ஆசைதான். அந்த வருசம் அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேனுங்க.

எடுத்ததும் கோச்சிங்குக்குப் பணம் கட்டிடாதீங்க. சைனிக் நுழைவுத் தேர்வோட பழைய கேள்வித்தாளைக் குடுத்து ஒரு ஞாயித்துக்கிழமை வீட்லயே எழுதச் சொல்லுங்க. மொத்தம் 300 மார்க், ரெண்டரை மணி நேரம். பாதி மார்க் கணக்குக்கே போயிருது. பரிச்சையைத் தமிழ்லயே எழுதலாம். சேந்தப்புறம் சிபிஎஸ்இ, இங்கிலீஷ்தான். எம் பையன் கணக்கைப் போட்டுட்டான், கண்ணாடி பிம்பக் கேள்வியிலதான் முழிச்சான். கைக்கண்ணாடியைப் படத்துக்குப் பக்கத்துல நிறுத்திக் காட்டினேன். அதுல ஒட்டியிருந்த என் ஸ்டிக்கர் பொட்டையும் ஒரு புள்ளின்னு எண்ணி விடை எழுதிட்டான்!

ஹாஸ்டலுக்குத் தாங்குவானான்னும் பாக்கணும். அம்மிச்சி வீட்ல பத்து நாள் விட்டேன். மூணாம் நாளே போன்.

எனக்குப் பெருசாப் பட்டது வேற. மருத்துவப் படிப்புல 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவதுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான். 2020ல வந்தது, மறுவருசம் இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு. சைனிக்ல படிச்சா அது கெடைக்காது. பட்டாளத்து ஆபீசர் ஆகோணும்னு புள்ளையே சொன்னா யோசிக்காம அனுப்புங்க, அந்தப் பள்ளிக்கூடமே அதுக்குத்தான். மாமன் சித்தப்பன் ஆசைக்காக வேண்டாம்.

எம் பையனை உள்ளூர் அரசுப் பள்ளியிலயே போட்டேன். இங்க எட்டாவதுல என்எம்எம்எஸ்னு மத்திய அரசு உதவித்தொகைப் பரிச்சை இருக்கு: மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90. தேர்வானா ஒன்பதாவதுலருந்து நாலு வருசம் மாசம் 1000 ரூபா. அதனால சேக்கறதுக்கு முன்னாடி இங்கிலீஷ் மீடியம் உண்டான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. "போன வருசம் என்எம்எம்எஸ்ஸுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது, அந்த டீச்சர் இன்னும் இருக்காங்களா?"ன்னு கேளுங்க. நான் கேக்கலை. சொல்லிக் குடுத்தவங்க மாறுதல்ல போயிட்டாங்கன்னு எட்டாவது வந்தப்புறந்தான் தெரிஞ்சுது.

அந்த உதவித்தொகைக்கு வீட்டு வருமானம் வருசத்துக்கு 3.5 லட்சத்துக்குள்ள இருக்கோணும். வருமானச் சான்றிதழை முன்னாடியே வாங்கி வெச்சுக்குங்க. கடைசி வாரத்துல இ-சேவை வாசல்ல நின்னு எனக்கு ரெண்டு நாள் சம்பளம் போச்சு.