சமஸ்கிருத உச்சரிப்பு: நெல்லை நாக்கு சறுக்கும் இடங்கள்

ஶ, ஷ, ஸ குழப்பத்தைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிடுகிறார்கள். 'ஸக்ருத்' என்றால் ஒருமுறை, 'ஶக்ருத்' என்றால் சாணம். வகுப்பே சிரிக்கும் என்பதால் அது மறப்பதில்லை. யாரும் சிரிக்காததாலேயே திருந்தாமல் கிடக்கும் தவறு வேறு.

மெல்லினத்தை ஒட்டிய வல்லினம்

நெல்லை டவுன் கோயிலில் அம்மன் பெயரை எப்படிச் சொல்கிறோம்? காந்தி³மதி³. (மேலே உள்ள எண், வரிசையில் எழுத்தின் இடம்: த, த², த³, த⁴. எண் இல்லாதது முதலாவது.) மூலத்தில் காந்திமதீ, இரண்டுமே முதல் 'த'. பந்து, சங்கு, பஞ்சு என்று தமிழில் மெல்லினத்துக்குப் பின் வல்லினம் தானாகக் குழையும், அதாவது தொண்டை அதிர ஒலிக்கும். சமஸ்கிருதத்தில் வளைந்துகொடுப்பது மூக்கொலிதான். 'அநுஸ்வாரஸ்ய யயி பரஸவர்ண:' (8.4.58) என்ற பாணினியின் இலக்கணச் சூத்திரப்படி 'க' வந்தால் ங், 'த' வந்தால் ந். பின்னால் நிற்கும் எழுத்து அசையாது.

குழைத்தால் 'ஸந்தி' (இருக்கிறார்கள்) 'ஸந்தி⁴' (புணர்ச்சி) என்று காதில் விழும். முடிவு என்னும் 'அந்த:', குருடன் என்னும் 'அந்த⁴:' மாதிரி ஒலிக்கும். பட²ந்தி, வத³ந்தி, ப⁴வந்தி என்று படர்க்கைப் பன்மை வினைகள் வரிசையாகக் கெடும். சொல்வதெழுதுதலில் 'தத்ர பா³லகா: ஸந்தி' என்றால் கடைசிச் சொல்லை ஸந்தி⁴ என்று எழுதிவிட்டு, எந்தச் சந்தி என்று தேடுகிறவர் எப்போதும் உண்டு. எண் போட்ட புத்தகமும் இங்கே உதவாது. எண் இல்லாத 'த'வைத் தமிழ்க் கண் தமிழாகவே படித்துவிடும். சொல்லித்தருகிறவர்களே 'நம்ம பக்கத்துப் பாணி' என்று விட்டுவிடுவதுதான் எரிச்சல். பாணி இல்லை, பிழை.

தொண்டையில் இரண்டு விரல் வைத்து 'அந்த:' சொல்லுங்கள். 'அந்' வரை அதிர்வு இருக்கும். 'த்' அடைபடும்போது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையா? முதலில் 'அத்த' சொல்லுங்கள்; இரட்டித்தால் நம் நாக்கிலும் 'த' குழையாது. அந்த இறுக்கம் மாறாமல் முதல் 'த்'தை மட்டும் 'ந்' ஆக்குங்கள். 'பச்ச' என்று சொல்லி 'பஞ்ச', 'ஶக்கர' என்று சொல்லி 'ஶங்கர'. மாற்றி மாற்றிப் பத்து முறை.

நடுவே உயிர் நுழைவது

ஒற்றை விட்டு எண்ணினால் தாம்ரபர்ணீ நான்கு அக்ஷரம், தாமிரபரணி ஆறு. ஆற்றுக்கு ஒன்றும் ஆகாது. பாதத்துக்கு எட்டு அக்ஷரம் கொண்ட அனுஷ்டுப் செய்யுளில் இரண்டு கூடினால் யாப்பு போயிற்று.

விசர்க்கம்

சொல்லின் பின் இரு புள்ளியாக எழுதும் மூச்சொலி இது. 'ஹரி:' ஹரிஹ அல்ல, ஹரிஹி. அதுவும் குறுகலாக.

ராகம் போட்டு இழுப்பது

பாணினீய ஶிக்ஷை என்ற உச்சரிப்பு நூல் சொல்லும் ஆறு கீழான ஓதுகிறவர்களில் ராகம் போட்டு இழுக்கிறவனே முதலாமவன். அவசரக்காரன் இரண்டாவது, தலையாட்டுகிறவன் மூன்றாவது.