நாலைச் சேர்க்கும் முன் ஐந்தாவதைத் தேடுங்கள்

தினமும் 16 சொற்களை, ஏதாவது ஒரு பொதுத் தொடர்பு உள்ள நாலு நாலாகப் பிரிக்கும் புதிரை நியூயார்க் டைம்ஸ் 2023 ஜூனில் கனெக்‌ஷன்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. நாலு தவறு செய்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம்: மஞ்சள் குழு எளிது, அடுத்து பச்சை, நீலம், கடைசியாகக் கடினமான ஊதா. விதி அவ்வளவுதான். ஆனால் சொல்வளம் உள்ளவர்கள்கூட இதில் தோற்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அவசரம்தான்.

டெல்டாக்காரர்களுக்காகவே ஒரு பலகை போட்டிருக்கிறேன். மேலே படிக்காமல் கொஞ்சம் நின்று முயன்று பாருங்கள்.

விஜயாலயன், நரிமணம், மரக்கால், வீரசோழன்
குடமுருட்டி, ராஜேந்திரன், ஆடுதுறை, உழக்கு
திருமலைராஜன், கலம், குலோத்துங்கன், வலங்கைமான்
நாழி, பராந்தகன், கொள்ளிடம், கோழிகுத்தி

தஞ்சாவூரில் வளர்ந்த யாருக்கும் முதலில் கண்ணில் படுவது சோழ மன்னர்கள். உடனே நாலு பேரைத் தொட்டு அனுப்பிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. எண்ணிப் பாருங்கள், மன்னர் பெயர் போல இங்கே 6 சொற்கள் இருக்கின்றன. அந்த 6 சொற்களில் நாலைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள்; உங்களுக்கு உள்ள வாய்ப்போ நாலுதான். ஒரு குழு தெரிந்ததும் அதற்குப் பொருந்தும் ஐந்தாவது சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தக் குழுவைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் எங்கே தொடங்குவது? வேறெங்கும் போக முடியாத சொல்லில். இங்கே அது குடமுருட்டி. அது ஓர் ஆற்றின் பெயர், ஆகவே இன்னும் மூன்று ஆறுகள் வேண்டும். கொள்ளிடம் சரி. மீதி இரண்டு? வீரசோழனும் திருமலைராஜனும் நம் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஆறுகள்தானே! அவை இரண்டும் விலகியதும் மன்னர்கள் நாலு பேராகத் தெளிந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது தவறு, தெரிந்த விஷயத்தின் பின்னாலேயே போவது. இது நுட்பமானது, நன்றாகப் படித்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். ஆடுதுறை என்றதும் நெல் ஆராய்ச்சி நிலையம், நரிமணம் என்றதும் எண்ணெய்க் கிணறு என்று மனம் ஓடும். சரி, ஊர்கள் என்று சேர்க்கலாம் என்றால் கொள்ளிடம் என்ற ஊரும் இருக்கிறதே, ஐந்தாகிவிடும். அந்த நேரத்தில் அர்த்தத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்க வேண்டும். ஆடு, நரி, மான், கோழி. கொள்ளிடத்தில் விலங்கும் இல்லை, பறவையும் இல்லை. ஊதாக் குழுக்களில் பல இப்படித்தான், சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபடும்.

நாழி, உழக்கு, மரக்கால், கலம் என்ற அளவைகளில் பெரிய சிக்கல் இல்லை. 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் உடனே சேர்த்துவிடுவார்கள்.

மூன்று சரியாகி ஒன்று மட்டும் பிசகினால், ஒன்றுதான் குறை என்று விளையாட்டே சொல்லும். அதைப் பார்த்த பரபரப்பில் ஒவ்வொரு சொல்லாக மாற்றி மாற்றி அனுப்புவது மூன்றாவது தவறு. நாலில் எது தவறு என்று அந்தச் செய்தி சொல்லவில்லை. அங்கேயே நிறுத்தி, வேறொரு குழுவை முடித்துவிட்டு வாருங்கள். எது அந்நியம் என்பது தானாகத் தெரியும். சொற்களைக் கலைத்து வைக்கும் பொத்தானையும் அழுத்துங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏமாற்றுவது புதிர் போடுபவரின் வேலை, அந்த வரிசையை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?

ஆங்கிலப் புதிரில் அமெரிக்க பேஸ்பால் அணியோ அங்கத்திய மிட்டாய்ப் பெயரோ வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அது அறிவுக் குறைவல்ல, அவர்களுக்கு நம் தாளடியும் குறுவையும் தெரியாதது போலத்தான். அகராதியில் பார்ப்பதிலும் தவறில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். புதிய புதிர் அவரவர் ஊர் நள்ளிரவில் வருகிறது. கும்பகோணத்தில் நீங்கள் காலைக் காபியோடு முடிக்கும்போது நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்கு அது இன்னும் வந்திருக்காது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் முடிவைக் காட்டும் வண்ணக் கட்டங்களை மட்டும் அனுப்புங்கள், விடையை எழுதிவிடாதீர்கள்.