சிவந்து தெரிவதெல்லாம் புற்று அல்ல

ஒளியைக் கொண்டு நுரையீரல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றதும், புற்று இருக்கும் இடம் மட்டும் பல்பு போட்டதுபோல் மின்னும் என்று நினைத்துவிடுகிறோம். மெல்லிய குழாய்க் கருவியை (ஸ்கோப்) மூச்சுக்குழலுக்குள் விட்டு நீல ஒளியில் பார்க்கும் ஆட்டோஃபுளோரசன்ஸ் பிராங்கோஸ்கோப்பியில் நடப்பது நேர் எதிர். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிர்வது நல்ல திசுதான். மூச்சுக்குழல் சுவரில் உள்ள கொலாஜன், எலாஸ்டின் போன்ற புரதங்கள் தரும் ஒளி அது. புற்று அரும்பும் இடத்தில் மேற்படலம் தடித்து, ரத்த ஓட்டமும் கூடுவதால் பச்சை மங்கிச் செம்பழுப்பாகத் தெரியும்.

ஆக, பச்சையை மங்க வைக்கும் எதுவும் ஏமாற்றலாம். அழற்சி, முன்பு சோதனைக்குச் சதை எடுத்த (பயாப்சி) தழும்பு, ஏன், ஸ்கோப்பின் முனை உரசிய இடமும் சக்‌ஷன் இழுத்த இடமும்கூட. சுவரைப் புண்ணாக்கிவிட்டு நீல ஒளிக்கு மாறினால் பார்ப்பது நம் கைவேலையைத்தான். வெள்ளை ஒளியில் பதமாக ஒரு சுற்று, உடனே நீல ஒளியில் ஒரு சுற்று, எல்லாம் பார்த்து முடித்த பிறகே பயாப்சி. முதலிலேயே ஓரிடத்தில் சதை எடுத்தால், கசியும் ரத்தம் நீல ஒளியை விழுங்கிவிடும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லவே கூடாது.

அப்புறம், எண்ணில் மயங்குவது. வான்கூவரில் ஸ்டீஃபன் லாம் குழுவினர் உருவாக்கிய ‘லைஃப்’ கருவி பற்றிய 1998 ஆய்வில், வெள்ளை ஒளியோடு இதையும் சேர்த்தபோது மேற்படலத்தைத் தாண்டாத மாற்றங்களைப் பிடிக்கும் திறன் 6.3 மடங்கானது. ஊடுருவிய புற்றையும் கணக்கில் சேர்த்தால் அதே ஆய்வில் 2.71 மடங்குதான். இதைப் பலர் சொல்வதில்லை.

இருப்பதில் பெரிய தவறு, புகைபிடிப்பவர் எல்லாருக்கும் இதை முதல் பரிசோதனையாக நினைப்பது. ஸ்கோப் போவது பெரிய மூச்சுக்குழல்கள் வரைதான். நுரையீரலின் ஓரத்தில் வளரும் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று அதன் கண்ணில் படாது. அதற்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன்தான். 53,000 பேருக்கு மேல் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் (2011), மார்பு எக்ஸ்ரேயைவிட இந்த ஸ்கேனால் நுரையீரல் புற்று மரணங்கள் 20% குறைந்தன. சரி, சிடி மட்டும் போதுமா? சளியில் சந்தேகமான செல்கள் தெரிந்தும் ஸ்கேன் சுத்தமாக இருந்தால், சுவரில் மெல்லியதாகப் படர்ந்ததைத் தேட நீல ஒளி வேண்டும்.

2022இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுக்கு ஒப்புதல் பெற்ற பாஃபோலாசியனைன் மருந்தையும் இதோடு குழப்புகிறார்கள். அதில்தான் புற்றே ஒளிரும். ஆனால் அது அறுவைச் சிகிச்சை மேசையில் உதவுவது, நோயைக் கண்டுபிடிக்க அல்ல. மருந்து ஏற்றுவதற்கு முந்தைய 48 மணி நேரம் ஃபோலிக் அமில மாத்திரை கூடாது. வைட்டமின்தானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.