உள்ளே கூப்பிட்டால் யார் போவது? புதிதாகப் போராட வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அண்மையில் ஓர் இளைஞர் குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டு உரிமைப் பத்திரம் கேட்டு ஆர்ப்பாட்டம் செய்யப் போகிறார்கள். பதாகை, ஒலிபெருக்கி, தண்ணீர்ப் போத்தல், சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம் எல்லாம் தயார். "உங்களை உள்ளே பேசக் கூப்பிட்டால் யார் போவது?" என்று கேட்டேன். "அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் அக்கா" என்றார்கள். எங்கள் காலத்தில் நாங்களும் இதையேதான் சொன்னோம். பொலிஸ் அனுமதி, மழை, வெயில் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

பேசப் போகிறவரைத் தெரிவு செய்யாமல் தெருவில் இறங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். வடகொழும்பில் ஒரு தோட்டத்து மக்கள் (நகரத்தில் நெருக்கமான குடியிருப்பைத்தான் இங்கே தோட்டம் என்போம்), தங்களைக் குடியிருக்கும் இடத்திலிருந்து எழுப்பக்கூடாது என்று கேட்டு ஓர் அலுவலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஓர் உத்தியோகத்தர் வெளியே வந்து, "இரண்டு பேர் வாருங்கள்" என்றார். வாசலுக்குப் பக்கத்தில் நின்ற, சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் போனார்கள். திரும்பி வந்து, "மூன்று மாதம் தவணை தருகிறார்களாம்" என்றார்கள். கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை. "உங்களை யார் அனுப்பியது? எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று சனம் கேட்டது. அந்த இருவரும் நேர்மையானவர்கள். ஆனால் அதை நிரூபிக்க அவர்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. ஒருவர் அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. பொலிஸ் ஒரு தடியைக்கூட ஓங்காமல் அந்தப் போராட்டம் கலைந்துபோனது.

பெரிய போராட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். ஆனால் சம்பளத்தை முடிவு செய்யத் தோட்டக் கம்பனிகளோடு செய்யும் கூட்டு ஒப்பந்தத்தில், தொழிலாளர் பக்கம் கையெழுத்திடும் இடம் தொழிற்சங்கங்களுக்கு மட்டுமே இருந்தது. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் என்று கையெழுத்தானது. 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். தெருவில் நிற்பவரும் மேசையில் இருப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், தெருவின் கோரிக்கை மேசைக்குப் போவதற்குள் குறைந்துவிடும்.

ஆகவே ஆர்ப்பாட்டத்துக்கு முன்பே ஐந்து பேரைத் தெரிவு செய்யுங்கள். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வீடு பறிபோனால் பிள்ளைகளோடு அலையப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். எதை அங்கேயே ஒப்புக்கொள்ளலாம், எதைச் சனத்திடம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று ஒரு தாளில் எழுதி எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். தனியாக ஒருவரும் உள்ளே போகக்கூடாது. திகதியும் கையெழுத்தும் உள்ள கடிதம் இல்லாமல் "சரி" சொல்லக்கூடாது. அந்தக் கடிதத்தைத் தமிழிலும் கேளுங்கள். உள்ளே பேசியதை அன்று பின்னேரமே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஓர் இரவு தாமதித்தாலும் வதந்தி முந்திவிடும்.

கூட்டத்தை அமைப்பு என்று நம்புவது

ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று கேட்டு 2022 ஏப்ரல் 9 அன்று காலிமுகத்திடலில் முகாம் தொடங்கியது. ஜூலை 14 அன்று அவர் பதவி விலகினார். 20ஆம் திகதி பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை அடுத்த ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. 22ஆம் திகதி விடியுமுன் படையினர் முகாமுக்குள் புகுந்தார்கள். ஒருவரைப் போகச் சொல்வதில் அத்தனை பேரும் ஒன்றாக நின்றார்கள். யார் வர வேண்டும் என்பதில் அந்த ஒற்றுமை இருக்கவில்லை. அந்தத் திடலில் தமிழில் தேசிய கீதம் பாடியதும், மே 18 அன்று போரில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறியதும் எனக்குப் பெரிய விஷயங்கள். அப்படி ஒன்றுசேர்ந்தவர்களை ஊரில் மறுபடி கூட்ட யாரிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது? வந்தவர்களின் பெயர், வீதி, அவர்களால் செய்யக்கூடிய வேலை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலை ஒருவர் பத்திரமாக வைத்திருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

கோரிக்கை தெளிவில்லாமல் இருப்பது

1953இல் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. அதைக் கடைக்குப் போன எல்லோரும் அறிவார்கள். ஓகஸ்ட் 12 ஹர்த்தாலுக்குப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். "நீதி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

சம்பளம் நின்றால் என்ன செய்வது என்று யோசிக்காதது

1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். நாட்கூலிக்காரரை அழைக்கும் முன் அவர் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று பாருங்கள்.

தமிழைக் கடைசியில் சேர்ப்பது

எல்லாம் சிங்களத்தில் முடிவான பிறகு ஒரு தமிழ்ப் பதாகை. வேண்டாம். முடிவெடுக்கும் கூட்டத்திலேயே மொழிபெயர்ப்பவர் இருக்கட்டும்.

காசுக் கணக்கு

வாராவாரம் சுவரில் ஒட்டுங்கள்.