ஆளுநருக்குக் கருணை மனு எழுதுவது எப்படி? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கைதியின் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டு 1850 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி அமெரிக்காவில் ஏதோ ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), குடிபோதையில் அடுத்தவர் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். ஐந்தாண்டு கடுங்காவல். பரோல் என்ற ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை; நியூயார்க்கில் எல்மைரா சீர்திருத்தச் சிறை 1876இல் திறந்த பிறகுதான் அது அந்த நாட்டில் வேர்விடுகிறது. மேல்முறையீட்டுக்கு வழி குறைவு, கையில் பணமும் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரே கதவு: மாநில ஆளுநரின் மன்னிப்பு.

அந்தக் கதவைத் தட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். பழைய மன்னிப்பு மனுக்களை ஆவணக் காப்பகங்களில் முதன்முறையாகப் புரட்டுகிறவர்களுக்கும் இது பயன்படும். எழுதியவர் எதற்காக அப்படி எழுதினார் என்று தெரிந்தால்தான் அந்தத் தாள்கள் பேசும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தம்பி குற்றம் செய்தானா இல்லையா என்பதைவிட, அவனை வெளியே விட்டால் ஊரில் யார் முணுமுணுப்பார்கள் என்பதே ஆளுநரின் பெரிய கவலை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கவலையைத் தீர்க்கத்தான்.

படி 1: யாருக்கு எழுதுவது?

ஆளுநருக்குத்தானே என்று பேனாவை எடுத்துவிடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். நியூயார்க்கில் 1777ஆம் ஆண்டுச் சாசனப்படி கொலைக்கும் தேசத் துரோகத்துக்கும் ஆளுநர் மன்னிப்புத் தர முடியாது. தூக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சட்டமன்றத்திடம் விட்டுவிட வேண்டும். 1821ஆம் ஆண்டுச் சாசனம்தான் கொலை வழக்கை அவர் கையில் கொடுத்தது. மாசசூசெட்ஸில் ஆளுநர் தன் ஆலோசனை சபையைக் கேட்டே முடிவெடுப்பார். நியூஜெர்சியில் 1844 முதல் ஆளுநரும் நீதிபதிகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தார்கள். கனெக்டிகட்டில் 1883இல் மன்னிப்பு வாரியம் வரும்வரை சட்டமன்றத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். பென்சில்வேனியாவில் 1874 முதல் நால்வர் கொண்ட வாரியத்தில் மூவராவது பரிந்துரைக்காமல் ஆளுநரால் கையெழுத்திட முடியாது.

தபாலைக் கொள்ளையடித்தது போன்ற மத்திய அரசுக் குற்றம் என்றால் ஆளுநரிடம் போய்ப் பயனில்லை. அதற்கு ஜனாதிபதி.

படி 2: என்ன கேட்கிறீர்கள்?

"விடுவியுங்கள்" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. முழு மன்னிப்பு ஒன்று; தூக்கை ஆயுளாகவோ ஆயுளைச் சில ஆண்டுகளாகவோ மாற்றும் தண்டனைக் குறைப்பு ஒன்று; தூக்குத் தேதியைச் சில வாரங்கள் தள்ளிவைப்பது ஒன்று; அபராதத் தள்ளுபடி ஒன்று. இவை போக, நிபந்தனை மன்னிப்பு. மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும், இனிக் குடிக்கக் கூடாது என்பவை போன்ற நிபந்தனைகள். ஆளுநருக்கு இது மிகவும் பிடிக்கும். கருணையும் காட்டியதாயிற்று, தொல்லையும் ஊரைவிட்டுப் போயிற்று.

பிலடெல்பியாவில் ஹெஸ்டர் வான் என்ற இங்கிலாந்துப் பணிப்பெண்ணுக்கு 1868இல் சிசுக்கொலைக் குற்றத்துக்காகத் தூக்கு விதித்தார்கள். பெண்ணுரிமைப் போராளிகள் எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. அந்தோனி ஆகியோர் நியூயார்க்கில் கூட்டம் கூட்டினார்கள்; ஸ்டான்டன் நேரிலேயே போய் ஆளுநர் ஜான் கியரியைப் பார்த்தார். 1869இல் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் அவள் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இன்னொரு சூட்சுமம்: தண்டனை முடியச் சில நாள்களே இருந்தாலும் முழு மன்னிப்பைக் கேளுங்கள். பல மாநிலங்களில் சிறை சென்றவன் வாக்குரிமையை இழப்பான், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் தகுதியையும் இழப்பான். முழு மன்னிப்பு இரண்டையும் மீட்டுத் தரும்.

படி 3: மனுவை எழுதுதல்

நம் ஊர் மனுவுக்குப் பெறுநர், பொருள், ஐயா என்று ஒரு சட்டகம் இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. ஒரு மாதிரியை என் சொற்களில் தருகிறேன்:

"மேதகு ஆளுநர் அவர்களுக்கு. கீழே கையொப்பமிட்டுள்ள இந்தக் கவுண்டியின் குடிமக்களாகிய நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: இன்னார் என்பவர் சென்ற ஆண்டு அக்டோபர் அமர்வில் குதிரைத் திருட்டுக்காக ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போது அவருக்கு வயது 19. அதற்குமுன் அவர்மீது எந்தப் புகாரும் எழுந்ததில்லை. சம்பவத்தன்று மது அருந்தியிருந்தார். குதிரை மறுநாளே சேதமின்றி உரியவரிடம் சேர்ந்துவிட்டது. அவருடைய தாய் விதவை. அந்த வீட்டில் ஏர் பிடிக்க வேறு ஆள் இல்லை. சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்றே நாங்கள் கருதுகிறோம். தாங்கள் மன்னிப்பு வழங்கியருள வேண்டுகிறோம். உங்கள் மனுதாரர்கள் என்றென்றும் வேண்டிக்கொள்வார்கள்."

கடைசி வரி அலங்காரமாகத் தெரியலாம். விட்டுவிடாதீர்கள், அது சம்பிரதாய முடிப்பு, ஆங்கில மனுக்களில் வழிவழியாக வருவது.

இப்போது ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வயது 19 என்றால் திருந்துவான். முன்பு புகார் இல்லை என்றால் தொழில்முறைத் திருடனில்லை. குடித்திருந்தான் என்பது நமக்குப் பழியைக் கூட்டுவதுபோல் தோன்றும். மதுவிலக்கு இயக்கம் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் பாதிப் பழி விஸ்கி பாட்டிலுக்குப் போய்விடும். குதிரை திரும்பியது என்றால் யாருக்கும் நட்டமில்லை. ஏர் பிடிக்க ஆளில்லை என்றால், அந்த விதவையைத் தாங்கும் செலவு கவுண்டியின் தலையில் விழப்போகிறது என்று ஆளுநருக்குத் தானே புரியும். "சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது" என்பதுதான் மனுவின் முதுகெலும்பு: தீர்ப்பு தவறு என்று யாரையும் குற்றம் சாட்டாமல், போதும் என்று மட்டும் சொல்கிறது. நீதிபதியும் இதில் கூசாமல் கையெழுத்திடலாம்.

சொல் தவறினால் என்ன ஆகும்? மதப் பணியாளர்கள் சாமுவேல் வூஸ்டரும் இலைசர் பட்லரும், செரோக்கி பழங்குடி மக்களின் நிலத்தில் மாநில உரிமம் வாங்காமல் வசித்ததற்காக 1831இல் ஜார்ஜியாவில் நான்காண்டு கடுங்காவல் பெற்றார்கள். அப்போது தண்டனை பெற்ற 11 பேருக்கும் மன்னிப்பு நீட்டப்பட்டது. 9 பேர் வாங்கிக்கொண்டார்கள், இவர்கள் இருவர் மட்டும் மறுத்துவிட்டார்கள். 1832இல் உச்ச நீதிமன்றமே இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தும் ஜார்ஜியா அசையவில்லை. கடைசியில் 1833 ஜனவரியில், வழக்கை இனி நடத்தப்போவதில்லை என்று ஆளுநர் வில்சன் லம்ப்கினுக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் கொள்கையில் மாற்றமில்லை என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்திருந்தார்கள். ஆளுநருக்குச் சுருக்கென்றது, மாநிலத்தை அவமதித்ததாக எடுத்துக்கொண்டார். மறுநாளே இன்னொரு கடிதம் போனது: அவமதிக்கும் எண்ணமில்லை, மாநிலத்தின் பெருந்தன்மைக்கே விட்டுவிடுகிறோம் என்று. அந்த வாரத்திலேயே விடுதலை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முடியாததைப் "பெருந்தன்மை" என்ற ஒரு சொல் முடித்துவிட்டது. எனக்கு இதில் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் மனு எழுத உட்காரும்போது வயிற்றெரிச்சலை ஒதுக்கிவைத்துவிட வேண்டும்.

இன்னொரு பிழை, ஒரே கைதி இரண்டு கதை சொல்வது. ஹார்வர்டு வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டர், 1849 நவம்பரில் தனக்குக் கடன் கொடுத்த ஜார்ஜ் பார்க்மனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். நான் நிரபராதி என்று முதலில் ஒரு மனு போட்டார். அதைத் திரும்பப் பெற்றார். பிறகு, ஆத்திரத்தில் அடித்துவிட்டேன் என்ற வாக்குமூலத்தோடு தண்டனைக் குறைப்புக் கேட்டார். இரண்டாவது கதை உண்மையாகவே இருந்திருக்கலாம். முதல் கதையைக் கேட்டவர்கள் அதை எப்படி நம்புவார்கள்? 1850 ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிட்டார்கள்.

படி 4: கையெழுத்து வேட்டை

வேலையின் முக்கால் பங்கு இதுதான். கூட்டம் சேர்ப்பதில் மயங்கிவிடாதீர்கள். பாஸ்டனில் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட வாஷிங்டன் கூட் என்ற கறுப்பின மாலுமியின் உயிருக்காக 1849இல் மாசசூசெட்ஸ் முழுவதும் 24,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கான்கார்டு ஊரில் மட்டும் சுமார் 400 பேர். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவும் அவர்களில் ஒருவர். ஆளுநர் ஜார்ஜ் பிரிக்ஸ் மறுத்துவிட்டார். கடைத்தெருவில் நீட்டிய தாளில் தாட்சண்யத்துக்காகக் கையெழுத்திடுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஆளுநர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே இந்த வரிசையில் போங்கள். தண்டனை விதித்த நீதிபதி. வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர். ஜூரி உறுப்பினர்கள், முடிந்தால் பன்னிரண்டு பேரும். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப். அதற்குப் பிறகே கடைக்காரர், போதகர், பள்ளி ஆசிரியர். பெயருக்குப் பக்கத்தில் "ஜூரி உறுப்பினர்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட, அதன் இருபுறமும் "அவருடைய குறி" என்று மற்றவர் எழுதிக்கொடுப்பது வழக்கம், அதுவும் செல்லும். ஒரே கையெழுத்தில் இருபது பெயர்கள் இருந்தால் மட்டும் மனு நாறிவிடும்.

எல்லோரையும்விடப் பெரிய கையெழுத்து, பாதிக்கப்பட்டவருடையது. குதிரைக்காரரே "போதும், விட்டுவிடுங்கள்" என்று எழுதிக்கொடுத்தால் ஆளுநருக்கு அரசியல் சுமை பாதியாகக் குறையும். இது எவ்வளவு கொடூரமாகவும் போகும் என்பதற்குக் கென்டக்கியில் நடந்ததைச் சொல்கிறேன். கால்வின் ஃபேர்பேங்க், லூயிஸ் ஹேடன் என்ற அடிமைப்பட்டிருந்தவரையும் அவர் குடும்பத்தையும் தப்புவித்ததற்காக 15 ஆண்டுகள் பெற்றவர். மகனுக்கு மன்னிப்பு வாங்க நியூயார்க்கிலிருந்து கென்டக்கி வந்த தந்தை, அங்கேயே காலராவில் இறந்துபோனார். அந்த மாநிலத்தின் பார்வையில் "பாதிக்கப்பட்டவர்" யார் தெரியுமா? ஹேடனின் முன்னாள் எஜமானர்கள். அவர்களின் சம்மதத்துக்கு விலை 650 டாலர். தப்பிச் சென்று பாஸ்டனில் வாழ்ந்துகொண்டிருந்த ஹேடனே அந்தத் தொகையைத் திரட்டி அனுப்பினார். 1849இல் ஆளுநர் ஜான் கிரிட்டெண்டன் மன்னிப்பில் கையெழுத்திட்டார்.

படி 5: இணைப்புகள்

நீதிபதியின் தனிக் கடிதம், மருத்துவரின் சான்று, சிறை அதிகாரியின் நன்னடத்தைக் குறிப்பு. விசாரணையைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்யும் வழக்கம் பல கவுண்டிகளில் இல்லை. நீதிபதியின் நினைவும் குறிப்பேடும்தான் ஆளுநருக்கு வழக்குக் கட்டு. எனவே அவர் எழுதும் அரைப்பக்கம், நீங்கள் எழுதும் ஆறு பக்கங்களுக்குச் சமம்.

படி 6: ஊருக்கு அறிவித்தல்

நூற்றாண்டின் பிற்பகுதி என்றால் இதைத் தவறவிடாதீர்கள். கலிபோர்னியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, ஆளுநர் முடிவெடுப்பதற்குப் பத்து நாள் முன்பாவது மாவட்ட அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கவுண்டியின் பத்திரிகையில் முப்பது நாள் அறிவிப்பும் வர வேண்டும். கைதி சாகக் கிடந்தால் இது வேண்டாம். தண்டனை முடியப் பத்து நாளே இருந்தாலும் வேண்டாம். அறிவிப்பு வந்ததும் எதிர்மனு வரலாம். பயப்படாதீர்கள். அதில் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

படி 7: கொண்டுபோய்க் கொடுத்தல்

தபாலில் அனுப்பலாம். தாயார் நேரில் போனால் நல்லது. கைதியும் கேட்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சிகாகோவில் தொழிலாளர் கூட்டத்தில் போலீசார்மீது குண்டு வீசப்பட்ட ஹேமார்க்கெட் வழக்கில் 1887இல் ஆல்பர்ட் பார்சன்ஸ் கருணை கேட்டுக் கையெழுத்திட மறுத்தார், தூக்கிலிடப்பட்டார். அவரோடு தூக்கு விதிக்கப்பட்டு, கருணை கேட்டெழுதிய ஃபீல்டனுக்கும் ஷ்வாபுக்கும் ஆளுநர் ஓகில்ஸ்பி தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். 1893இல் அடுத்து வந்த ஆளுநர்களில் ஒருவரான ஆல்ட்கெல்ட், அந்த இருவரையும், அதே வழக்கில் சிறையில் இருந்த நீபியையும் முழுதாக மன்னித்தார். ஆயிரக்கணக்கான வணிகர்கள், வங்கியாளர்கள், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் தன்னைக் கேட்டுக்கொண்டதாக அவரே பதிவுசெய்தார். அதோடு நிற்காமல், விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்றும் விரிவாக எழுதினார். போதும் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தீர்ப்பைக் குற்றம் சொன்னதால் நாடெங்கும் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. 1896 தேர்தலில் தோற்றார்.

படி 8: காத்திருத்தல்

உங்கள் மனு இனி நீளவாக்கில் மடிக்கப்பட்டு ஒரு கட்டில் சேரும். மடிப்பின் வெளிப்பக்கத்தில் எழுத்தர் தம்பியின் பெயர், கவுண்டி, குற்றம், தண்டனைக் காலம் ஆகியவற்றை எழுதுவார். அவற்றின் கீழே ஆளுநரின் முடிவு ஒற்றைச் சொல்லில் வரும். மன்னிப்புப் பத்திரம் வந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுத்தது வாங்கப்பட்டால்தான் மன்னிப்பு செல்லும் என்று 1833இல் ஜார்ஜ் வில்சன் என்ற கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மார்ஷல் சொல்லிவிட்டார்.

மறுப்பு வந்தால்? மீண்டும் போடலாம், ஆளுநர் மாறும்வரை காத்திருக்கலாம். ஃபேர்பேங்க் சும்மா இருக்கவில்லை; 1851இல் இன்னொரு பெண்ணைத் தப்புவித்து மாட்டிக்கொண்டார், மறுபடி 15 ஆண்டுகள். இம்முறை ஆளுநர்கள் வந்தார்கள், போனார்கள். 1864இல் ஆளுநர் பிராம்லெட் மாநிலத்தில் இல்லாத சமயம், பொறுப்பில் இருந்த துணை ஆளுநர் ரிச்சர்ட் ஜேக்கப் மன்னிப்பில் கையெழுத்திட்டார். எனவே, ஆளுநர் எப்போது ஊரில் இருப்பார் என்பதோடு, எப்போது இருக்கமாட்டார் என்பதையும் விசாரித்து வையுங்கள்.