வரி வாங்குகிறார்கள், ஆனால் ஜவாப்தாரி யாரும் இல்லை: கிரிப்டோவில் டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் 1904-லேயே ஒரு வங்கி தொடங்கிவிட்டார்கள். இன்றைய சிட்டி யூனியன் பேங்க் அதுதான். சீட்டு, நிதிக் கம்பெனி, நகைக்கடன் என்று பணத்தைப் புழங்கவிடுவது டெல்டாவுக்குப் பழகிய வேலை. இப்போது அந்த வரிசையில், பிட்காயின் போன்ற டிஜிட்டல் காயின்களை வாங்கி விற்கும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் சேர்ந்திருக்கிறது. மன்னார்குடியில் செல்போன் கடை வைத்திருக்கும் பையனும் மயிலாடுதுறையில் பென்ஷன் வாங்கும் வாத்தியாரும் ஒரே ஆப்பில் பிட்காயின் விலை பார்க்கிறார்கள். பயமில்லையா என்று கேட்டால் இருவரும் சொல்வது ஒன்றுதான்: "கவர்ன்மென்ட்டே வரி வாங்குதுல்ல, அப்புறம் என்ன?"

கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன. அரசு இந்தத் தொழிலில் வரி வாங்குகிறது, கண்காணிக்கிறது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தால் உங்கள் பணத்துக்குப் பொறுப்பேற்க எந்த அமைப்பும் இல்லை.

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ தொழில் செய்பவர்களுக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக்கூடாது என்றது. அந்தச் செப்டம்பரிலேயே ஸெப்பே தன் இந்திய எக்ஸ்சேஞ்சை மூடியது. தாக்குப்பிடித்தவர்கள், வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பணம் அனுப்பிக்கொள்ளும் 'பி டூ பி' முறைக்கு மாறினார்கள். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2021-ல் விலை ஏறியது, விளம்பரங்கள் வீட்டுக்குள் வந்தன, ஊரெல்லாம் கணக்கு திறந்தார்கள்.

"கிரிப்டோ செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டாங்க" என்பது இன்றைக்கும் டீக்கடையில் கேட்கும் பேச்சு. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கிக்கு இதில் தலையிட அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வங்கிகளுக்கு நஷ்டம் வந்ததாக எதையும் காட்டாமல் இவ்வளவு கடுமையாக நடந்துகொண்டது அளவுக்கு மீறியது என்றுதான் சொன்னது. அதாவது தடை போனது, அங்கீகாரம் வரவில்லை.

அடுத்த குழப்பம், ஆப்பின் முகப்பில் இருக்கும் 'எஃப்.ஐ.யு-வில் பதிவு பெற்றது' என்ற வரி. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. அதனால் மத்திய நிதி அமைச்சகத்தின் நிதி உளவுப் பிரிவில், அதாவது எஃப்.ஐ.யு-வில், பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கிறோம், சந்தேகமான பரிவர்த்தனையைத் தெரிவிக்கிறோம் என்ற கடமைக்கான பதிவு அது. இந்தக் கம்பெனி நாணயமானது என்று யாரும் கொடுத்த சான்றிதழ் இல்லை. பங்குச் சந்தைக்கு செபி இருக்கிறது, முதலீட்டாளர் பாதுகாப்பு நிதி இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு இதில் எதுவும் கிடையாது.

அதற்காகப் பதிவே இல்லாத வெளிநாட்டு ஆப்புக்குப் போவது இன்னும் மோசம். 2023 டிசம்பரில் பைனான்ஸ், குகாயின் உள்ளிட்ட 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது. அடுத்த மாதமே அவற்றின் ஆப்கள் ஸ்டோரில் காணாமல் போயின. பிறகு 2024-ல் பைனான்ஸுக்கு 18.82 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். 2025 ஜனவரியில் பைபிட்டுக்கு 9.27 கோடி. ஆகவே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயைக் காட்டி "இது கவர்ன்மென்ட் காயின், சீக்கிரம் விலை ஏறும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அது ரூபாயேதான், விலை ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

வரிக்கு வருவோம். நம் பக்கம் நிறையப் பேர் ரிட்டர்ன் போட்டதே இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, பிறகு எதற்கு என்ற பழக்கம். கிரிப்டோவில் அந்தப் பழக்கம் கடிக்கும். 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு நேரடியாக 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வேறு வருமானமே இல்லாவிட்டாலும் முதல் ரூபாயிலிருந்து கட்ட வேண்டும். பட்ஜெட்டில் சொன்ன '12 லட்சம் வரை வரி இல்லை' இதற்குப் பொருந்தாது. 2022 ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1 சதவீதத்தை முன்கூட்டியே வரியாக (டி.டி.எஸ்.) பிடிக்கிறார்கள். விற்றது நஷ்டத்துக்கா லாபத்துக்கா என்று அது பார்ப்பதில்லை. உங்கள் பான் எண்ணில், வருமான வரித்துறையின் கணக்கில் அது ஏறிவிடும். ரிட்டர்ன் போடாதவர் வீட்டுக்குக் கடிதம் வருவது அங்கிருந்துதான்.

நஷ்டக் கணக்கில்தான் பலரும் அதிர்ச்சியடைகிறார்கள். ஒருவர் பிட்காயினில் 40,000 ரூபாய் லாபம் பார்க்கிறார், வேறொரு காயினில் 35,000 இழக்கிறார் என்று வையுங்கள். கையில் மிஞ்சியது 5,000. வரி எவ்வளவு? நஷ்டத்தைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 40,000-க்கு 30 சதவீதம் 12,000, செஸ் 480. ஆக 5,000 சம்பாதித்தவர் 12,480 கட்ட வேண்டும். அந்த நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது. கடன் வாங்கிப் போட்டிருந்தால் வட்டியைச் செலவாகக் காட்ட முடியாது, வாங்கிய விலையை மட்டும் கழிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாளுக்கு நாலு தடவை வாங்கி விற்பவர்கள் தங்களுக்காக வியாபாரம் செய்யவில்லை என்பது என் எண்ணம். இன்னொன்று: பிட்காயினைக் கொடுத்து, டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யு.எஸ்.டி.டி. காயினை எடுத்தாலும் அது விற்பனைதான். ரூபாய் கைக்கு வரவில்லை என்பது பதிலாகாது.

இனி பி டூ பி. வங்கி வழி அடைபட்ட 2018-ல் பிழைப்புக்காக வந்த முறை இது. தடை போன பிறகும் தங்கிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் விலையைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பதால் பையன்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள்.

நீடாமங்கலம் பக்கம் ஒருவர் 20,000 ரூபாய்க்கு யு.எஸ்.டி.டி. விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் யு.பி.ஐ.யில் வந்துவிட்டது, இவரும் காயினை விடுவித்துவிட்டார். அந்தப் பணம் வேறு மாநிலத்தில் யாரோ ஒரு பெரியவரை வீடியோ காலில் போலீஸ் என்று மிரட்டிப் பறித்தது. அந்தப் பெரியவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்கிறார். பணம் போன பாதையில் ஒவ்வொரு கணக்காக நிறுத்திக்கொண்டே வருகிறார்கள். அந்த வரிசையில் இவர் கணக்கும் வருகிறது.

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடை போட்டுவிட்டு, பணம் ஏறும் என்று காத்திருக்கும் நேரம் அது. ஏறவும் ஏறுகிறது, எடுக்கத்தான் முடியவில்லை. ஏ.டி.எம். மறுக்கிறது. கிளை மேலாளர் திரையைப் பார்த்துவிட்டு, எங்கேயோ ஒரு சைபர் கிரைம் ஸ்டேஷன் பெயரையும் ஒரு புகார் எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். அறுவடை மிஷின்காரருக்கு வாடகை பாக்கி, உழவு டிராக்டர் வாசலில் நிற்கிறது, இவர் இந்தி தெரிந்த ஆளைத் தேடி அலைகிறார்.

தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைக்கலாம், கணக்கு முழுவதையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வங்கியில் எழுதிக் கொடுக்கும்போது அதைக் குறிப்பிடலாம். ஆனால் ஆரம்பத்திலேயே தவிர்க்கக் கூடிய வினை இது. நெல் பணம், பயிர்க்கடன், நூறு நாள் வேலைச் சம்பளம் வரும் கணக்கைக் கிரிப்டோவுக்குப் பயன்படுத்தாதீர்கள், தனிக் கணக்கு வையுங்கள். பணம் அனுப்பியவரின் பெயரும் எக்ஸ்சேஞ்சில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் காயினை விடாதீர்கள். "தங்கச்சி அக்கவுன்ட்ல இருந்து போடுறேன் ப்ரோ" என்றால் வியாபாரத்தை அங்கேயே ரத்து செய்யுங்கள். ஆர்டர் விவரம், உரையாடல், பணம் வந்த ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். கமிஷனுக்காக வங்கிக் கணக்கையோ சிம்மையோ மற்றவருக்குக் கொடுப்பது தவறு என்று சொன்னால் போதாது, அது குற்றம். கல்லூரிப் பையன்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

வாங்கிய காயினை எங்கே வைப்பது என்பதிலும் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல், அதாவது 2,000 கோடி ரூபாய் அளவுக்குத் திருட்டுப் போனது. வாடிக்கையாளர்களின் மொத்தச் சொத்தில் அது ஏறக்குறைய 45 சதவீதம். காயினை வெளியே எடுப்பதை நிறுத்தினார்கள். தாய்க் கம்பெனி சிங்கப்பூரில் இருந்ததால் சீரமைப்பு அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 அக்டோபரில்தான் வர்த்தகம் மறுபடி தொடங்கியது. அதே 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்ச் 4.4 கோடி டாலர் இழந்தபோது, வாடிக்கையாளர் பணத்தில் கை வைக்காமல் தன் கையிருப்பிலிருந்தே ஈடுகட்டுவதாகச் சொன்னது. எந்தக் கம்பெனி எப்படி நடந்துகொள்ளும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சிக்கல். கிரிப்டோ ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் அதைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது வாடிக்கையாளருக்குச் சாதகமான பேச்சு. வழக்குப் போட வசதியுள்ளவருக்கு உதவும்.

நீண்ட காலத்துக்கு வைத்திருப்பதானால், எக்ஸ்சேஞ்சின் கையில் விடாமல் சொந்த வாலெட்டுக்கு மாற்றலாம். அப்போது அந்த வாலெட்டுக்குச் சாவியாகத் தரப்படும் 12 அல்லது 24 வார்த்தைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் தனக்குத்தானே அனுப்பி வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதிப் பத்திரப் பெட்டியில் வையுங்கள், வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரியட்டும்.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கம் வேறொரு பழக்கம் பரவுகிறது. வெளிநாட்டிலிருந்து மச்சான் யு.எஸ்.டி.டி. அனுப்ப, இங்கே விற்று ரூபாயாக்குவது. பழைய உண்டியல் (ஹவாலா) பணத்தின் புது வடிவம்தான் இது. வங்கி வழியாக வந்த பணத்துக்கு ஒரு தாள் இருக்கும், இதற்கு இருக்காது. அந்தப் பணத்தில் மனை வாங்கிய பிறகு வருமான வரித்துறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, மதியச் சாப்பாடு போட்டு, மாதம் இத்தனை சதவீதம் என்று சொந்த டோக்கன் விற்பவர்கள் எக்ஸ்சேஞ்சே அல்ல. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வாயிலிருந்து வந்த உடனே விஷயம் விளங்கிவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், அன்றைக்கே 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் கிரைம் தளத்தில் புகார் போடுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம் டெலிகிராமில் ஒருவர் வருவார், இழந்த காயினை மீட்டுத் தருகிறேன், முதலில் 5,000 போடுங்கள் என்பார். அவருக்குப் பதிலே சொல்லாதீர்கள், பெரும்பாலும் முதலில் ஏமாற்றிய அதே கூட்டத்து ஆள்தான்.